லிஃப்ட் உள்ள ஊர்

லிஃப்டுக்குள் காலை வைக்கும்வரை துளிக்கு அந்த ஊரைப் பிடித்திருந்தது.

பிடித்திருந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. பிடிக்காமல் போக என்னென்ன காரணம் உண்டோ அத்தனையையும் காலையிலிருந்து தேடிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், அதில் கொஞ்சம் ஏமாந்துகூடப் போயிருந்தாள்.

துளி என்பது கணவர் வைத்த பெயர். பெருநகரக் குடிநீர் வாரியத்தின் சோதனைக்கூடத்தில், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தண்ணீரைத் துளித் துளியாகப் பார்க்கிறவள் அவள். "பேர்தான் துளி, ஆள் குடம்" என்று பெயர் வைத்தவரே கேலியும் செய்வார். இந்த வருடக் கடைசியில் அவளுக்கு ஓய்வு. அன்றோடு வாரியம் கொடுத்த வீட்டையும் காலி செய்தாக வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். போன வருடமே ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டினார். பக்கத்து வீட்டு மிக்ஸியை வாங்கி வந்து கழற்றினார். மாட்டிவிட்டால் வேலை தீர்ந்துவிடுமே என்று அதை அப்படியே வைத்திருந்தார். பக்கத்து வீட்டம்மாள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் மாட்டிக் கொடுத்தார். வியாழக்கிழமைகளில் மட்டும் பழைய தொழிற்சங்க அலுவலகத்துக்குக் கேரம் ஆடப் போய்விடுவார். வாரத்தில் ஒரு நாளாவது வீட்டில் திருகாணிச் சத்தம் இல்லையே என்று துளியும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இனிமேல் பெருநகரம் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே மனது. ரொம்பப் பெரியதாகவும் வேண்டாம், ரொம்பச் சின்னதாகவும் வேண்டாம், நடுத்தரமாக ஓர் ஊர் போதும் என்று தேட ஆரம்பித்தார்கள்.

சென்ற வாரங்களில் மலையடி ஊர் கைநழுவிப் போனதைப் பார்த்தோம். துளியின் கல்லூரித் தோழி இருக்கும் ஊர் அது. நிழலான நடைபாதை, காலையில் சீக்கிரம் திறக்கும் நூலகம், வாசலில் படியே இல்லாத ஒரு சின்ன வீடு. பார்த்த அன்றே துளி அந்த வீட்டில் மனதால் குடியேறிவிட்டாள். முழங்கால் வீங்கி விடுதி அறையில் படுத்துவிட்டதால், சோதனை பாட்டிலை எடுத்துக்கொண்டு கணவர்தான் அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தார். தண்ணீரில் கிருமி இருந்தது. ஒரு முறை கெட்டால் மறுமுறையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது சோதனைக்கூட விதி. ஐஸ் பெட்டியோடு அவரே மறுபடியும் அவ்வளவு தூரம் போய் வந்தார். மறுபடியும் கிருமி.

துளி மனதைக் கல்லாக்கிக்கொண்டு வேண்டாம் என்று சொன்னாள். தோழியிடமும் சொன்னாள். "இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான்டி நான் ரெண்டு பிள்ளைங்கள வளத்திருக்கேன்" என்று போனை வைத்த தோழி, அதன்பிறகு எடுக்கவே இல்லை.

இப்போது இந்த ஊர். ஆற்றுப்பாலத்து ஊர்.

ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்து துளி தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். சாலையை ஒரே மூச்சில் கடக்க முடிகிறதா என்று கடந்து பார்த்தாள். முடிந்தது. பஸ் நிறுத்தத்து இருக்கையில் முதுகு சாய இடமிருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தாள். இருந்தது. மருந்துக் கடைக்குள் போய், வாங்க ஒன்றுமில்லாமலே ஒரு தைலத்தைப் பற்றி விசாரித்தாள். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னார்.

"என்னடா இது, ஒரு குறைகூடச் சொல்ல விடமாட்டேங்குதே" என்றாள்.

"நீ வேணும்னா அந்தத் தெரு நாயை ரெண்டு வார்த்தை திட்டிக்கோ" என்றார் லிஃப்ட்காரர்.

அவள் சிரித்தாள். நான் ஊரை எடைபோடுகிறேனா, என் வயதையா என்று இடையில் ஒரு சந்தேகம் வந்தது. முதுகு சாய இருக்கை தேடுகிற காலம் வந்துவிட்டதே என்று இருந்தது. ஆனாலும் மலையடி ஊரை இழந்த வருத்தம் அன்று காலைதான் முதல் முறையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பிறகு அந்தக் கட்டடம். ஐந்து மாடி. வீடு ஐந்தாவது மாடியில். லிஃப்ட் வந்து நின்றது; இருவரும் ஏறினார்கள்.

பொத்தான்கள் இருந்த தகட்டின் நான்கு மூலையிலும் திருகாணி. நான்கிலும் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புள்ளி.

துளி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

திருகாணியை முடுக்கியதும் அதன் தலையிலும் தகட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு சாயப் புள்ளி வைப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். திருகாணி தளர்ந்தால் புள்ளி இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவள் கணவர் இடதுகைக்காரர், அதோடு அவசரக்காரர். அவர் புள்ளி வைத்தால் தூரிகை இழுத்துக்கொண்டு போய் வலப்பக்கம் ஒரு வால் முளைத்துவிடும். சாயத்துக்குப் பதில் துளியின் நகப்பூச்சைத்தான் எடுத்துக்கொள்வார். கோடையில் கடை விளக்கு வெளிச்சத்தில் மெரூன் என்று நினைத்து ஒரு குப்பி வாங்கிவிட்டாள். வெளியே வந்து பார்த்தால் கத்திரிப்பூ. "உங்க மிக்ஸிக்கு வச்சுக்குங்க" என்று அவரிடம் கொடுத்துவிட்டாள்.

நான்கு புள்ளிக்கும் வால் இருந்தது. பளபளப்புகூட மங்கவில்லை.

"புது ஊர், புது லிஃப்ட்" என்றார் அவர், மேலே ஓடும் எண்களைப் பார்த்தபடி. "சத்தமே இல்லாம போகுது பாரு."

துளி பார்த்தாள். லிஃப்டை அல்ல.

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தபோது பல் டாக்டர் காத்திருந்தார். கிளினிக்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்டடச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவர். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

"வாங்க வாங்க! முதல் தடவையா வர்றீங்க இல்ல?" என்று மாடியே அதிரக் கேட்டார். கேட்டுவிட்டு லிஃப்ட்காரரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார்.

"ஆமா டாக்டர், முதல் தடவைதான்" என்றாள் துளி. "எனக்கு."

வீடு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை, ஆறு தெரிகிற பால்கனி. குளியலறையைத் திறந்தாள். சுவரில் புதிதாக ஒரு கைப்பிடி பொருத்தியிருந்தது. அவளுடைய கை தானாக எட்டும் உயரத்தில், இடது பக்கம். அவளுக்கு வலிப்பது இடது முழங்கால்.

அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இதே கைப்பிடியை வேறு எந்த வீட்டில் பார்த்திருந்தாலும் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். இப்போது வரவில்லை. இவ்வளவு அன்பும் என் முதுகுக்குப் பின்னால்தான் நடக்க வேண்டுமா?

"நான் வீட்டுக்குப் போய் ஜூஸ் எடுத்துட்டு வந்துடறேன். நீங்க பேசிட்டு இருங்க" என்று பல் டாக்டர் வெளியே போனார். போகிறபோது லிஃப்ட்காரரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

துளி பால்கனிக்கு வந்தாள்.

"கேரம் நல்லா ஆடுறீங்களா?"

"என்ன திடீர்னு?"

"இல்ல, வியாழக்கிழமை தவறாம இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து ஆடுறீங்களே, அதான் கேட்டேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாத்துட்டியா? எதை வச்சுக் கண்டுபிடிச்சே?"

"உங்க புள்ளிய."

"வால் வந்துடுச்சா?" என்றார். குரலில் ஒரு கணம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டது. "சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் துளி..."

"சர்ப்ரைஸ்னா ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தருவாங்க. ஊரையே வாங்கித் தருவாங்களா? காலையிலருந்து ஒவ்வொரு பெஞ்சா உக்காந்து பாத்துட்டு வர்றேனே, என்னைப் பாத்தா எப்படி இருந்துச்சு உங்களுக்கு? கோமாளி மாதிரியா?"

"ஐயோ, இல்ல."

"பின்னே?"

அவர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைக் காட்டினார். "இங்க பாரு. அஞ்சு மாடி, ஆறு மாடி, அதோ அது எட்டு. எல்லாத்துலயும் பழைய லிஃப்டு. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டா வாரக்கணக்கா எட்டிப் பாக்கமாட்டான். கூட வேலை பாத்தவன் ஒருத்தன் சொல்லி ஒரு தடவை வந்தேன். அடுத்த வியாழக்கிழமை ஜனங்க எனக்காகக் கீழ காத்துட்டு நிக்கிறாங்க துளி. 'மெக்கானிக் சார் வந்துட்டார்'னு ஒரு சின்னப் பொண்ணு ஓடுது, சொல்றதுக்கு. வேலையில இருந்த காலம் பூரா என்னை ஒருத்தன் சார்னு கூப்பிட்டிருப்பானா?"

"அதை எங்கிட்ட சொல்ல என்ன தடை?"

"நீதான் மலையடி ஊர்ல மயங்கிக் கிடந்தியே! நீ படுத்திருந்தப்போ அந்த ஊர் பூரா சுத்தினேன். ரெண்டு மாடிக்கு மேல ஒரு கட்டடம் கிடையாது. ஆஸ்பத்திரியிலகூட சரிவுப் பாதை. ஒரு ஊருன்னா ஒரு லிஃப்டாவது இருக்க வேணாமா? நான் அங்க என்ன பண்ணுவேன்? உங்கூட லைப்ரரிக்கு வந்து பேப்பர் படிக்கணும். அன்னிக்குப் பேப்பர் வரலன்னா நேத்துப் பேப்பரைப் படிக்கணும்."

துளிக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. கோபத்துக்கு நடுவிலும் இந்த மனிதர் இப்படித்தான் சிரிக்க வைத்துவிடுவார்.

"உங்க நல்ல நேரம்" என்றாள். "அந்த ஊர்த் தண்ணி கெட்டுப்போச்சு."

அவள் அதைச் சும்மாதான் சொன்னாள். உள்ளே ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. "ஆமா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அப்படியே கடந்து போயிருக்கும்.

அவர் குனிந்து, தடுப்புக் கம்பியில் இல்லாத துருவைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார்.

துளி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க."

சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"என்னைப் பாருங்க."

பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

"ஒரு மூடிதான் துளி" என்றார் மெதுவாக. "ஒரே ஒரு மூடி. குழாய்த் தண்ணியத்தான் பிடிச்சேன், நீ சொன்ன மாதிரியே. அப்புறம் வர்ற வழியில குளத்துல..."

"ரெண்டாவது தடவை?"

"அதுவும் ஒரு மூடிதான்."

சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் துளி சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் பாட்டில் மூடியைப் பற்றியதுதான். உட்புறம் விரல் படக்கூடாது, தரையில் வைக்கக்கூடாது, எதிரே நின்று மூச்சு விடக்கூடாது. எங்கிருந்து எடுத்தோம், எப்படி எடுத்தோம் என்பது பொய்யானால், அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய இயந்திரம் வைத்துப் பார்த்தாலும் எல்லாமே பொய் என்று கத்தியிருக்கிறாள். அந்த மூடியை இவர் அளவுக் கரண்டி ஆக்கியிருக்கிறார்.

அது பரவாயில்லை. அதைவிட ஒன்று இருந்தது.

"ரெண்டாவது தடவை நீங்க ஐஸ் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு ராத்திரி பஸ்ல வந்தீங்களே" என்றாள். குரல் ஒரு மாதிரி தட்டையாக வந்தது. "ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சொன்னேன். என் முழங்காலுக்காக இந்த மனுஷன் இப்படி அலையறார்னு சொன்னேன். கேண்டீன்காரம்மாகிட்டகூடச் சொன்னேன். அவங்க எனக்குச் சுத்திப் போடாத குறை. அவங்ககிட்டப் போய் இப்ப நான் என்ன சொல்றது?"

"துளி..."

"அவகிட்ட என்ன சொல்றது? என் சிநேகிதிகிட்ட? உங்க ஊர்த் தண்ணி அசிங்கம்னு சொன்னேனே அவகிட்ட!"

கதவு தட்டும் சத்தம். பல் டாக்டர் தட்டோடு உள்ளே வந்தார். மூன்று டம்ளர் ஜூஸ், ஒரு டம்ளர் தண்ணீர். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இப்ப சொல்லிடலாமா?" என்று லிஃப்ட்காரரைக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அம்மா, உங்க வீட்டுக்காரர் பண்ணின காரியத்தைக் கேளுங்க. இந்தக் கட்டடமே உங்களுக்காகக் காத்துட்டு இருக்கு. பாத்ரூம்ல கைப்பிடி பாத்தீங்களா? அவரே பொருத்தினது! என் மனைவி சொல்றா, நீங்க எனக்கு ஒரு டூத் பிரஷ் ஸ்டாண்டுகூட மாட்டித் தந்ததில்லன்னு."

துளி தண்ணீர் டம்ளரை எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல், முகர்ந்து பார்க்காமல், நினைவு தெரிந்து முதல் முறையாக ஒரு புது ஊர்த் தண்ணீரை அப்படியே குடித்தாள். நல்ல தண்ணீர். அதுவேறு எரிச்சலாக இருந்தது.

"சாயங்காலம் இன்னொரு குடும்பம் பாக்க வருது" என்றார் பல் டாக்டர். "அதனால இப்பவே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நல்லது. எங்க சங்கத்துல ஒரு பழக்கம் உண்டு. புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் தனித்தனியா வாயைத் திறந்து சரின்னு சொல்லணும். மூணாவது மாடியில ஒரு வீட்டுல அவர் மட்டும் சரின்னுட்டாரு. அந்தம்மா ஒரு வருஷம் இந்தக் கட்டடத்துல யார்கிட்டயும் பேசல. சார் சரி சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்க."

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. கூடவே, இந்த வீட்டை விட்டுவிட்டால் தான் மறுபடியும் மிக்ஸி கழற்றும் ஆளாகிவிடுவோம் என்ற பயமும் இருந்தது. துளிக்கு அது புரிந்தது. புரிந்தது என்பதற்காக மன்னிக்க முடியவில்லை.

"டாக்டர், நீங்க பல்லைப் பிடுங்கிட்டு அப்புறமா வாயைத் திறக்கச் சொல்வீங்களா?"

பல் டாக்டர் முதல் முறையாக அவள் கண்ணைப் பார்த்தார். "புரியலையேம்மா."

"இவர் இங்க நல்லா இருப்பார். நல்ல மெக்கானிக். உங்களுக்கும் லிஃப்ட் நிக்காது. வீட்டை இவருக்கே குடுங்க." டம்ளரைத் தட்டில் வைத்தாள். "ஆள் ஒருத்தர்தான்."

கைப்பை அங்கேயே கிடந்தது. போன் மட்டும் கையில் இருந்தது. வெளியே வந்தாள். லிஃப்ட் அங்கேயே நின்றது. அதைத் தாண்டிப் போய்ப் படியில் கால் வைத்தாள்.

படி இறங்குவதுதான் முழங்காலுக்கு ஆகவே ஆகாத வேலை. ஏறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுவரில் கையை ஊன்றி, ஒரு காலை வைத்து மறு காலைச் சேர்த்து, குழந்தை இறங்குவதுபோல இறங்கினாள்.

நான்காவது மாடிக்கு வந்தபோது லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே அவர், அவளுடைய கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"ஏறிக்கோ துளி. முழங்காலு."

தாண்டி இறங்கினாள்.

மூன்றாவது மாடியிலும் கதவு திறந்தது. "சரி, தப்புதான். திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. உள்ள வந்து திட்டு." கூடையோடு அங்கே நின்றிருந்த ஓர் அம்மாள், "மெக்கானிக் சார், மேல போகுதா, கீழயா?" என்று கேட்டாள்.

"எனக்கே தெரியலம்மா" என்றார் அவர்.

இரண்டாவது மாடியில் துளியால் முடியவில்லை. படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது. இந்த முறை அவர் கதவை மூடவிடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றார்.

இறங்கும்போதெல்லாம் அவள் மனது வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. சாக்கடைத் தண்ணீரைக் கலந்திருந்தால் சோதனையில் எல்லாமே எகிறி, எடுத்த விதத்தில்தான் ஏதோ கோளாறு என்று அவளுக்கே தோன்றியிருக்கும். தெளிந்த குளத்துத் தண்ணீர். அதுவும் ஒரு மூடி. எங்கோ குழாயில் கசிவு இருக்கிறது என்று நம்புகிற அளவுக்கு மட்டும். இரண்டு முறையும் ஒரே அளவு, இரண்டு முடிவும் ஒத்துப்போகிற மாதிரி. சோதனைக்கூடத்தில் பழகியவர்களுக்கு மட்டுமே தோன்றுகிற கணக்கு இது.

"உங்களுக்குத் தண்ணியப் பத்தி என்னங்க தெரியும்? குடிக்கத் தெரியும். ஒரு மூடி போதும்னு யார் சொன்னது?"

அவர் பார்வையைப் பொத்தான் தகட்டுக்குத் திருப்பினார்.

"யாருன்னு கேக்கறேன்."

"பாப்பாவைத் திட்டாதே துளி" என்றார். "எனக்கு மனசு சரியில்லன்னு ஒரு நாள் அவகிட்டப் புலம்பினேன். அம்மாவுக்கு ஒரு ஊர் பிடிச்சுட்டா யார் சொன்னாலும் கேக்கமாட்டாங்க, தண்ணி சொன்னாத்தான் கேப்பாங்கன்னு சொன்னா. அப்புறம் எப்படின்னும் அவளேதான்..."

பேச்சில் பொத்தானை விட்டுவிட்டார். கதவு அவர் முகத்துக்கு முன்னால் மூடிக்கொண்டது.

பாப்பா. அவர்களுடைய ஒரே மகள். பள்ளி விடுமுறையெல்லாம் அம்மாவின் சோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவி வளர்ந்தவள். எட்டாத மேசைக்கு ஸ்டூல் போட்டு ஏறி நின்று, "இதுல கிருமி வளந்துடுச்சாம்மா?" என்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவள். இப்போது தொலைதூர நகரம் ஒன்றில் விளம்பர நிறுவனத்தில் வேலை. தினமும் காலையில் போன் செய்வாள். மலையடி ஊர் இல்லை என்றான அந்த வாரம் முழுக்க, "விடும்மா, வேற நல்ல ஊர் கிடைக்கும்" என்று துளியைத் தேற்றியவள் அவள்தான். துளி அவளிடம் மட்டும்தான் அழுதிருந்தாள்.

கீழ்த்தளத்துக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள்.

உடனே எடுத்தாள். "அம்மா! வீடு எப்படி? பிடிச்சுதா?"

"ஒரு மூடி போதும்னு நீதானே சொன்னே?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்பா பாவம்னு பண்ணினே. அப்படித்தானே? அப்படின்னு சொல்லு. அதையாவது நான் ஒரு மாதிரி பொறுத்துக்கறேன்."

"இல்லம்மா."

"என்ன இல்ல?"

"அப்பாவுக்காக இல்ல. அப்பா புலம்பினது எனக்கு ஒரு சாக்கு." பாப்பாவின் குரல் உடைந்தது. "அம்மா, நான் அந்த வேலைய விட்டு ரொம்ப நாளாச்சு. நான் இங்கதான் இருக்கேன். உன் மலையடி ஊர்லதான். போன வருஷத்துலருந்து. நீங்க ரெண்டு பேரும் இங்கயே வீடு பாக்கறோம்னு சொன்னப்போ எனக்கு வேற வழி தெரியலம்மா."

துளி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில், "இங்க ஒரே டிராஃபிக்மா" என்று அலுத்துக்கொள்வாளே. எந்த டிராஃபிக்? நிழலான அந்த நடைபாதையில் நின்றுகொண்டா அப்படிச் சொன்னாள்? தோழியின் தெருவில் நின்றுகொண்டா?

"ஏன்? அங்க என்ன பண்றே?"

"நேர்ல சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். உன்கிட்ட மட்டும்தான்மா. அப்பாகிட்ட சொல்லிடாதே. ப்ளீஸ்மா, அவர் தாங்கமாட்டார்."

லிஃப்ட் கதவு திறந்தது. அவர் வெளியே வந்து, கிட்டே வரத் துணியாமல், கைப்பையோடு தள்ளியே நின்றார். வயது திடீரென்று கூடிவிட்ட மாதிரி இருந்தார்.

"பாப்பாவா?" என்றார். "என்ன சொல்றா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அந்த வார்த்தை யாரும் சொல்லிக் கொடுக்காமலே துளியின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வியாழக்கிழமைகளில் இவருக்கும் இப்படித்தான் வந்திருக்கும். காலை நேரங்களில் போன் செய்த பாப்பாவுக்கும்.

காதிலிருந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரைத் தட்டினாள். கையை அவரை நோக்கி நீட்டினாள்.

"அப்பா கேக்கறார் பாப்பா. நீ எந்த ஊர்ல இருக்கேன்னு அவர்கிட்டயும் சொல்லு."

"இதென்ன கேள்வி?" என்று லிஃப்ட்காரர் சிரிக்க முயன்றார். "அவ வேலை பாக்கற ஊர்லதான்."

போனிலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. துளி நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பைக் கீழே இறக்க அவருக்கு வழி தெரியவில்லை.

"பாப்பா?" என்றார்.